ஆயாவுக்கு ரெண்டு பேர்: மதமும் அரசும் சேரிக்குள் வந்த கதை

1

எங்க ஆயாவுக்கு ரெண்டு பேர். ரேஷன் கார்டில் அஞ்சலை. சர்ச் பதிவேட்டில் எஸ்தர். காலனியில் யாரும் இந்த ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவள் 'மேட்டு வூட்டுக்காரி', எங்களுக்கு ஆயா. இங்கே எழுதியிருக்கும் இரண்டு பேரும்கூட நான் மாற்றி எழுதியவை. ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் என்பதற்கு மேல் ஊர்ப் பேரையும் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அக்கா மகள் அரசுத் தேர்வில் பாசாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போகிற முதல் ஆள். காலனியே சந்தோஷப்பட்டது. அந்த வாரமே யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள். "இந்து ஆதிதிராவிடர் என்று சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார்கள். குடும்பமே கிறிஸ்தவர்கள்" என்று. விசாரணைக்கு ஆள் வரும் என்று தகவல் வந்தது. அக்கா முதல் வேலையாகச் சுவரில் மாட்டியிருந்த வேதவசனக் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாள். ஆயாவின் பழைய பைபிள் துணி மூட்டைக்குள் போனது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு முருகன் படத்தை இரவல் வாங்கி மாட்டினோம். மாட்டியவள் நான்தான். மேடையில் ஏறி மதச்சார்பின்மை பற்றிப் பேசுகிறவள், தமிழில் எம்.ஏ. படித்தவள், ஸ்டூல் மேல் ஏறி முருகனை மாட்டினேன்.

வந்த ரெண்டு பேரும் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவிடம் ஒருவர் கேட்டார்.

"இன்னாம்மா, நீ எந்த சாமியக் கும்புடற?"

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்.

"கஞ்சி ஊத்துன சாமியயும் கும்புடறேன். மாரியாத்தாளயும் கும்புடறேன். இப்ப இன்னா அதுக்கு?"

"அப்பிடியெல்லாம் எழுத முடியாதும்மா. எதனா ஒண்ணு சொல்லு."

அக்கா குறுக்கே வந்து, "இந்துன்னு எழுதிக்குங்க சார். வயசாயிடுச்சி, அது ஏதோ பேசுது" என்றாள். ஆயா அக்காவைப் பார்த்தாள். மறுபேச்சு பேசவில்லை.

பேத்திக்கு வேலை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு ஆயா பார்த்த பார்வை என்னை விடவில்லை. எண்பது வயசுக் கிழவி எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று கேட்கும் அதிகாரம் அரசுக்கு எப்படி வந்தது? ஊரில் முதலியார் வீட்டுத் திண்ணையிலும் நாயுடு வீட்டுத் திண்ணையிலும் போய் அரசு ஏன் இதைக் கேட்பதில்லை? இந்தக் கேள்வியோடுதான் எங்கள் பகுதியின் வரலாற்றைத் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன்.

2

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை. சரித்திரப் பாடம் படித்தவர்களுக்கு 1751இல் கிளைவ் ஜெயித்த சண்டை, 1782இல் ஹைதர் அலி படையோடு வெள்ளைக்காரர்கள் மோதிய சண்டை. கமண்டல நாகநதிக் கரையில் கோட்டை, கைலாசநாதர் கோயில், நெல் வயல், ரைஸ்மில், தறிச்சத்தம். இந்த ஊரை யார் ஆண்டார்கள் என்று பார்த்தால் நம் கேள்விக்கான முதல் விடை கிடைக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர் சுல்தானின் தளபதியாக வந்தவர் ஷாஜி, சிவாஜியின் தகப்பனார். அவர் தனக்குச் சேவை செய்த வேதாஜி பாஸ்கர பந்த் என்ற மராட்டிப் பிராமணருக்கு ஆரணியை ஜாகீராகக் கொடுத்தார். கொடுத்தது முஸ்லிம் சுல்தானின் தளபதி, வாங்கியவர் பிராமணர். அதற்குப் பிறகு மராட்டியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப், வெள்ளைக்காரக் கும்பினி என்று மேலே கொடி மாறிக்கொண்டே இருந்தது. கீழே ஜாகீர்தார் குடும்பம் மாறவில்லை. மத்வ மடத்தின் சத்யவிஜய தீர்த்தர் பேரில் சத்யவிஜயநகரம் உண்டானது. இன்றைக்கு அதை எஸ்.வி. நகரம் என்கிறோம். சாமியாரின் பிருந்தாவனமும் ஜாகீர்தாரின் அரண்மனையும் ஒரே ஊரில் இருக்கின்றன. மதமும் அரசும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்டத்தில் வாழ்ந்தன என்பதைப் புஸ்தகத்தில் தேட வேண்டாம், பஸ் ஏறிப்போய்ப் பார்க்கலாம்.

இந்து ராஜ்யமா முஸ்லிம் ராஜ்யமா என்று இன்றைக்குத் தெருவில் சண்டை போடுகிறார்கள். சேரிக்கு அந்தக் கேள்வியால் ஒரு பிடி நெல் கூடக் கிடைத்ததில்லை. சுல்தான் காலத்திலும் நவாப் காலத்திலும் பந்த் காலத்திலும் செத்த மாட்டை நாம்தான் தூக்கினோம், ஏரி மதகை நாம்தான் காத்தோம், சாவுக்குப் பறையை நாம்தான் அடித்தோம். நிலம் யார் கையிலோ, சாமி அவர்கள் கோயிலில் இருந்தது.

தறியையும் இங்கே சொல்ல வேண்டும். பறையரில் கோலியர் என்ற நெசவுப் பிரிவினர் உண்டென்று 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுப்பு சொல்கிறது. நெசவு நமக்குத் தெரியாத தொழில் அல்ல. ஆனால் பட்டு நம் கைக்கு வரவில்லை. என் அண்ணன் கூலிக்கு நெய்யப் போனவன். பட்டுக்குத் தீட்டு இல்லை என்று சொல்வார்கள். அவன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பாவைத் தொட்டால் தீட்டில்லை, ஜரிகையைத் தொட்டால் தீட்டில்லை. தாகத்துக்குத் தண்ணி கேட்டால் மட்டும் தனிச் செம்பு. அவன் நெய்த புடவை ஒன்றை முதலாளி அம்மனுக்குச் சாத்த எடுத்துப்போனார். அந்தக் கோயிலின் வாசல்படியை அண்ணன் தாண்டியதில்லை.

ஆயா ஒவ்வொரு ஆடி மாதமும் படவேட்டுக்குப் போவாள். அங்கே ரேணுகாம்பாள். கருவறையில் தலைதான் பிரதானம். எங்கள் பக்கத்தில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். தகப்பன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பரசுராமன் தாயை வெட்ட வருகிறான். அவள் ஓடிவந்து சேரிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாள். ரெண்டு பேர் தலையும் விழுகிறது. உயிர் கொடுக்கும்போது தலையும் உடம்பும் மாறிப்போகிறது. ரேணுகையின் தலை, நம் பெண்ணின் உடம்பு. அவள்தான் மாரியாத்தா. ஆயா இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது சொல்வாள்: "தல அவுங்குளுது, ஒடம்பு நம்முது. தலைக்குத்தான் பூச போட்றாங்க." எம்.ஏ. வகுப்பில் தொன்மம் பற்றி எத்தனையோ கட்டுரை படித்தேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

3

வெள்ளைக்காரன் வந்து மதத்தையும் அரசையும் பிரித்துவிட்டான் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உண்மையில் கும்பினி கோயில் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 1817ஆம் ஆண்டு 7ஆம் ரெகுலேஷன்படி சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வை ரெவின்யூ போர்டுக்கு வந்தது. கோயில் நிலத்துக்குக் கணக்குப் பார்ப்பதும் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்வதும் தேரிழுக்க ஆள் பிடித்துக் கொடுப்பதும் கலெக்டர் கச்சேரி வேலை. பாதிரிமார்கள் இதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 1840களில் கும்பினி மெல்லக் கையை உதறிக்கொண்டது. 1863ஆம் வருஷச் சட்டம் கோயில்களைக் கமிட்டிகளிடம் விட்டது. கமிட்டி என்றால் யார்? ஊர்ப் பெரிய மனிதர்கள்.

இடையில் 1858 நவம்பர் 1ஆம் தேதி விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. குடிமக்களின் மத நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் அதிகாரிகள் தலையிடக் கூடாது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் கிணறு மதம், தெரு மதம், பள்ளிக்கூடத் திண்ணை மதம், சுடுகாடு மதம். மதத்தில் தலையிடமாட்டேன் என்று அரசு சொன்னால், நீ கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று ஊர் சொல்வதில் தலையிடமாட்டேன் என்று அர்த்தம்.

இது என் வியாக்கியானம் அல்ல. பிரகடனத்துக்கு ரெண்டு வருஷம் முன்னால், 1856இல், தார்வாரில் ஒரு மகர் பையன் அரசுப் பள்ளியில் சேர மனுப் போட்டான். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடம். ஒரு பையனுக்காகப் பள்ளிக்கூடத்தையே மற்றவர்கள் காலி செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் பம்பாய் அரசு அவனைச் சேர்க்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார். நடுநிலை என்ற பேரில் அரசு யார் பக்கம் நின்றது என்பதற்கு இது போதும்.

4

ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. அமெரிக்க ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கினார்கள். வேலூர், சித்தூரோடு ஆரணியும் அதன் ஆரம்பகால நிலையங்களில் ஒன்று. அவர்கள் வந்த அமெரிக்காவில் அரசுப் பதவிக்கு மதப் பரிசோதனை கூடாது என்று 1787லேயே அரசியல் சட்டத்தில் எழுதியாயிற்று. அதே அமெரிக்காவில் 1853இல் கறுப்பின மக்களை ஏலம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் மதம் பற்றி நல்ல வரி இருந்தாலே மனிதன் விடுதலையாகிவிட மாட்டான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆற்காடு மிஷன் சபைக்குள் சாதியை அனுமதிப்பதில்லை என்று கண்டிப்பாக இருந்தது. அதனால் சாதி இந்துக்கள் அதிகம் சேரவில்லை. நம் ஆட்கள் சேர்ந்தார்கள். 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஆயாவின் ஆயா அந்தப் பஞ்சத்தில் கைக்குழந்தையோடு நடந்துபோய்க் கஞ்சித்தொட்டியில் நின்றவள். பஞ்சத்துக்குப் பிறகு வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சேத்துப்பட்டில் கத்தோலிக்கப் பாதிரி தராஸ் அடிகளிடமும் இப்படித்தான் கிராமம் கிராமமாகச் சேர்ந்தார்கள்.

இவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றியவனைக் கேலி பேசுகிறார்கள். பட்டினி போட்டவனைப் பற்றிப் பேச்சில்லை. கோயில் களஞ்சியத்தில் நெல் இருந்த தேசத்தில்தானே நாம் செத்தோம்? ஆயா இதை ஒரே வரியில் சொன்னாள், 'கஞ்சி ஊத்துன சாமி' என்று. அது அவளுடைய மதக்கோட்பாடு. எந்த இறையியல் கல்லூரியிலும் அதைவிட நேர்மையான கோட்பாட்டை நான் கேட்கவில்லை.

கஞ்சி மட்டுமா? எழுத்து வந்தது. ஆயா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரைக்கும் படித்தாள். நில உரிமைப் பேச்சும் வந்தது. பக்கத்து ஜில்லாவான செங்கல்பட்டில் பறையர்கள் படும் பாட்டைப் பாதிரிமார்கள் எழுதி எழுதி, கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்து, 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒருவர் பேர் ஜான், ஒருவர் பேர் ஏழுமலை. குண்டு பேர் பார்த்துச் சுடவில்லை.

மதம் மாறியதால் சாதி போனதா? போகவில்லை. இதை மறைத்துக் கட்டுரை எழுதுவது துரோகம். வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய மாதா கோயில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றது. தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிந்தது. கல்லறையில் தனி வரிசை, தனிச் சவவண்டி என்று எத்தனையோ ஊர்களில் நடந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதற்கு வன்னியக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். அந்தக் கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். ஆயர் மாளிகைகளில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று இன்றும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. ஊர்க்காரன் எங்களைப் பறையன் என்றுதான் கூப்பிட்டான். ஞானஸ்நானச் சீட்டைக் காட்டினால் டீக்கடையில் கிளாஸ் மாறிவிடவில்லை.

இதே வட ஆற்காட்டு மண்ணில் இன்னொரு பாதையும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். சென்னையில் ஆரம்பித்த சங்கம் கோலார் தங்கவயல், திருப்பத்தூர் வரை கிளை விட்டது. நாங்கள் இந்துக்கள் அல்ல, பூர்வ பௌத்தர்கள் என்று அவர் சொன்னார். சர்க்கார் எழுதும் மதக் கலத்தில் நம் பேருக்கு எதிரே என்ன எழுதுவது என்பதை நாமே முடிவு செய்வோம் என்பதுதான் அதன் சாரம். நூறு வருஷத்துக்கு முன்பே அந்தக் கலத்தின் ஆபத்தைக் கண்டுகொண்டவர் அவர்.

5

1935 அக்டோபரில் யேவலாவில், நான் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். அடுத்த வருஷம், 1936இல், பிரிட்டிஷ் அரசு அட்டவணைச் சாதிகள் ஆணை போட்டது. இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தோம். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் புது ஆணை போட்டார். அதன் 3ஆம் பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் யாரும் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. பஞ்சாப் பக்கத்துச் சீக்கியச் சாதிகள் நான்குக்கு மட்டும் விலக்கு. 1956இல் சீக்கியர் எல்லோரையும் சேர்த்தார்கள்.

அதே 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானவர்கள் பௌத்தம் தழுவினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து மத்திய அரசின் கணக்கில் அவர்கள் அட்டவணைச் சாதி இல்லை. அரசியல் சட்டத்தை எழுதிய கை பிடித்துக் கூட்டிப்போன மக்களுக்கே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை! 1990இல்தான் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். 34 வருஷம். மூன்றாம் பத்தி கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் இன்றும் பூட்டியே கிடக்கிறது.

தோழர்களே, இந்தப் பத்தியை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழங்குடி ஒருவர் கிறிஸ்தவரானால் பழங்குடிப் பட்டியலை விட்டுப் போவதில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் முஸ்லிம் சாதிகள் இருக்கின்றன. பிராமணர் ஒருவர் கிறிஸ்தவரானால் அவருடைய நிலமோ வீடோ கல்வியோ போவதில்லை. மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு விலை கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று இந்தக் குடியரசு ஒரே ஒரு கூட்டத்திடம் மட்டும் கேட்கிறது. 25ஆம் பிரிவு எல்லோருக்கும் மதச் சுதந்திரம் தருகிறது. நமக்கு அதன் மேல் அபராதம் போட்டிருக்கிறது.

சூசை என்ற தொழிலாளியை இங்கே நினைக்க வேண்டும். ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், ரோட்டோரத்தில் செருப்புத் தைத்தவர். ரோட்டோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்துவாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது, சூசைக்கு இல்லை. அதே வெயில், அதே ஊசி, அதே தோல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய மதத்திலும் அதே கடுமையோடு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. செருப்புத் தைக்கிறவர் எங்கே போய் அந்த ஆதாரத்தைத் திரட்டுவார்? திரட்டித் தரவேண்டிய அரசு திரட்டவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 3ஆம் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு 2 வருஷக் கெடு வைத்து, கெடுவை நீட்டினார்கள்.

போனால் அபராதம் என்றேன். திரும்பி வந்தால் சன்மானம் உண்டு. கிறிஸ்தவராகப் போனவரின் வம்சம் இந்துவாகத் திரும்பி, சாதியும் ஏற்றுக்கொண்டால் அட்டவணைச் சாதி உரிமை திரும்பக் கிடைக்கும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்பது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்க வூட்டு அரிசி டிரம் ஞாபகம் வந்தது. மோசடி என்ற வார்த்தை நீதிமன்றத்துக்குச் சுலபம். டிரம்முக்குள் காலண்டரை வைத்த அக்காவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

6

தமிழ்நாடு பெரியார் மண், இங்கே இதெல்லாம் இல்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, கோயில். நீதிக்கட்சி ஆட்சியில் 1920களில் அறநிலையச் சட்டம் வந்தது. 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு, அதைத் தொடர்ந்து சட்டம். 1947இல் மாகாணம் முழுக்கக் கோயில் நுழைவுச் சட்டம். 1959ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் இன்றைய அறநிலையத் துறை நடக்கிறது. அதாவது கோயில் சாவி பல இடங்களில் அரசின் கையில். அப்படியிருந்தும் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூரில், அறநிலையத் துறைக் கோயிலான முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் கலெக்டரும் நூற்றுக்கணக்கான போலீசும் கூடவர. சட்டம் வந்து 76 வருஷம் ஆன பிறகு! இந்து என்று எழுதினால்தான் சலுகை என்கிற அரசு, அந்த இந்துவைக் கோயில் படியேற்ற ஒரு பட்டாளத்தைக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. சர்டிபிகேட்டில் நாம் இந்து, கோயில் வாசலில் நாம் யார்?

இரண்டாவது, மதமாற்றத் தடைச் சட்டம். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது டெல்லி வரை நடுங்கியது. அதுவரை அந்த மக்கள் டீக்கடையில் பட்ட அவமானத்துக்கு டெல்லி நடுங்கவில்லை. 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் போட்டது. மதம் மாற்றினால் 3 வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனர், பெண், அல்லது அட்டவணைச் சாதி, பழங்குடி என்றால் 4 வருஷம், ஒரு லட்சம். இந்த வரிசையைக் கவனியுங்கள். மைனருக்குச் சுயபுத்தி கிடையாது என்பது சட்டத்தின் நினைப்பு. அதே வரிசையில் பெண்ணையும் தலித்தையும் உட்கார வைத்தார்கள். நான் ரெண்டுமாக இருக்கிறேன்! 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். நினைப்பை விலக்கிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

2023 ஏப்ரல் 19இல் தமிழகச் சட்டமன்றம், கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களை அட்டவணைச் சாதியில் சேர்க்கச் சொல்லி மத்திய அரசுக்குத் தீர்மானம் போட்டது. வரவேற்கிறோம். ஆனால் தீர்மானத்தால் வீட்டுச் சுவரில் காலண்டர் திரும்ப ஏறாது.

7

நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வருகிறது. நேற்று ஒரு கூட்டத்தில் வயதில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். "இருக்கிறது 18 சதவீதம். மிஷன் ஸ்கூல்ல படிச்சவங்களயும் உள்ள விட்டா, கட்டைத்தொட்டி பையனுக்கு என்னம்மா மிச்சம்?" கோபப்பட வேண்டிய கேள்வி அல்ல, பசியிலிருந்து வரும் கேள்வி. என் பதில் இரண்டு. சேர்த்தால் தொகைக்கு ஏற்றபடி பங்கையும் உயர்த்தச் சொல்லிச் சேர்ந்து போராட வேண்டும். இன்னொன்று, ரெண்டு பேரோடு வாழும் எங்களைப் போன்ற குடும்பங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கின்றன, பயந்துகொண்டு இருக்கின்றன. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தள்ளப்பட்ட மற்றவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்கூடக் கிடையாது. 1989ஆம் வருஷச் சட்டம் அட்டவணைச் சாதியினருக்குத்தான். அடிக்கிறவன் சாதி பார்த்து அடிக்கிறான். ஸ்டேஷனில் எழுதுகிறவர் மதம் பார்த்து எழுதுகிறார்.

மதத்தை அரசிலிருந்து பிரிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். அரசு மதத்தைக் காக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். ஜாகீர்தார் காலம் முதல் இன்றைய அலுவலகம் வரை நான் பார்த்ததில், சாதியைத் தொடாமல் இந்த ரெண்டு பேச்சாலும் சேரிக்குப் பிரயோசனம் இல்லை. ராணியின் நடுநிலை ஊருக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. நமக்கு வேண்டியது, நம்மிடம் சாமியைப் பற்றிக் கேட்காத அரசு. கிணற்றையும் சுடுகாட்டையும் கோயில் வாசலையும் பற்றி ஊரிடம் கேட்கிற அரசு. இன்றைக்கு எல்லாம் தலைகீழாக நடக்கிறது.

வேலை கிடைத்து ஒரு வருஷம் கழித்து ஆயா செத்துப்போனாள். சர்ச் கல்லறையில் அவள் புருஷன் பக்கத்தில் இடம் வைத்திருந்தாள். "என்ன அங்க கொண்டாந்து பொதைங்க" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். பெட்டிஷன் போட்டவர் யாரென்று தெரியாது. செல்போனில் ஒரு போட்டோ போதும், பேத்தியின் வேலைக்கு உலை. ராத்திரி முழுக்கப் பேசினோம். கடைசியில் காலனி சுடுகாட்டில்தான் புதைத்தோம். பறை அடித்தார்கள். எல்லோரும் போன பிறகு அக்கா மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தாள். ஜெபம் என்று எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை.

முப்பதாம் நாள் அக்கா மகள் என்னைக் கேட்டாள். "சித்தி, கல்லு வெச்சா எந்தப் பேர எழுதறது?"

நான் பதில் சொல்லவில்லை. இன்னும் கல் வைக்கவில்லை. ரெண்டு பேரையும் எழுதிக் கல் வைக்க முடிகிற நாளுக்காகத்தான் இந்தப் போராட்டம். 3ஆம் பத்தி போக வேண்டும். அதுவரை இந்தக் கட்டுரையிலும் என் ஆயா வேறு பேரோடுதான் இருப்பாள்.